புதன்கிழமை பிரியாணியும் பல்லடத்துக் காலி ஷெட்டும்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேசினது பெரும்பாலும் அப்படியே இருக்கு, படிக்க வசதியா சில இடத்துல மட்டும் சுருக்கியிருக்கேன்.)

 

போன புரட்டாசியில பல்லடம் பக்கத்துல மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். மாமா கறிக்கோழிப் பண்ணை வச்சிருக்கார். அஞ்சாயிரம் கோழி பிடிக்கிற ஷெட். சின்ன வயசுல லீவுக்குப் போனா, வண்டிய விட்டு இறங்குறதுக்கு முன்னாடியே கோழிச் சத்தம் கேக்கும். இந்த முறை சத்தமே இல்ல. உள்ள போய்ப் பார்த்தா தரை கூட்டி, சுண்ணாம்பு அடிச்சு, பக்கவாட்டுப் படுதாவைச் சுருட்டிக் கட்டி, எல்லாம் ரெடியா இருக்கு. கோழிதான் இல்ல.

"எப்ப மாமா குஞ்சு வரும்?"னு கேட்டேன்.

"கம்பெனில இருந்து போன் வந்தாத்தான் மாப்ள. புரட்டாசில மார்க்கெட் டல்லுன்னு குஞ்சு விடுறதக் குறைச்சுட்டாங்க. நாப்பது நாளாச்சு"னார்.

அன்னிக்கு ராத்திரி பஸ்ல சென்னைக்குத் திரும்பும்போது தூக்கம் வரல. போன்ல சாப்பாட்டு ஆப்பைத் திறந்து என்னோட ஆர்டர் ஹிஸ்டரியப் பார்த்தேன். முந்தின மாசம் மட்டும் 14 ஆர்டர். அதுல 11 கோழி. புதன்கிழமை பிரியாணி, வியாழக்கிழமை கிரில், அப்படி. ஒரு பக்கம் வாரத்துல ரெண்டு மூணு தடவ கோழி சாப்பிடுற நான். இன்னொரு பக்கம் கோழியே இல்லாத ஷெட்ல உட்கார்ந்து போனைப் பார்த்துக்கிட்டிருக்கிற மாமா. ரெண்டும் ஒரே சிஸ்டத்தோட ரெண்டு முனைதான். இந்த எபிசோட்ல அந்த சிஸ்டத்தைப் பிரிச்சுப் பார்க்கலாம்.

முதல்ல தியரி கொஞ்சம். பயப்படாதீங்க, ரெண்டே விதி.

எர்ன்ஸ்ட் எங்கல்னு ஒரு ஜெர்மன் புள்ளியியல் நிபுணர். பெல்ஜியம் நாட்டுக் குடும்பங்களோட வரவு செலவுக் கணக்கை எடுத்து வச்சுக்கிட்டு 1857ல ஒண்ணு சொன்னார்: வருமானம் ஏற ஏற, அதுல சாப்பாட்டுக்குப் போற பங்கு குறையும். சாப்பாட்டுச் செலவு குறையும்னு சொல்லல, பங்கு குறையும்னுதான் சொன்னார். சம்பளம் ரெண்டு மடங்கு ஆச்சுன்னா ரெண்டு மடங்கா சாப்பிட முடியும்? வயிறு ஒண்ணுதானே.

அடுத்தது 1941ல மெரில் பென்னட்னு ஒரு அமெரிக்கப் பொருளாதார அறிஞர் கவனிச்சது. வருமானம் ஏறும்போது அரிசி, கோதுமை, கிழங்கு மாதிரி மாவுப் பொருள்லேர்ந்து வர்ற கலோரியோட பங்கு குறையும். அந்த இடத்துக்கு முட்டை, கறி, பால், பழம், எண்ணெய் எல்லாம் வரும்.

நம்ம நாட்டுல இது நடந்திருக்கான்னு பார்க்க, மத்திய அரசு எடுக்கிற குடும்பச் செலவுக் கணக்கெடுப்பு இருக்கு. 1999-2000ல இந்தியாவுல கிராமத்துக் குடும்பம் 100 ரூபாய் செலவு பண்ணா, 59 ரூபாய் சாப்பாட்டுக்குப் போச்சு. 2022-23ல அது 46 ரூபாய். நகரத்துல 48லேர்ந்து 39 ஆயிடுச்சு. அரிசி, கோதுமை மாதிரி தானியத்துக்கு மட்டும் கிராமத்துல 22 ரூபாய் போய்க்கிட்டிருந்துச்சு, இப்ப அது 5 ரூபாய் கிட்டதான். இதுல ரேஷன் அரிசிக்கும் பெரிய பங்கு இருக்கு, அதை மறந்துடக் கூடாது. நம்ம ஊர்ல 2011லேர்ந்து ரேஷன்ல அரிசி இலவசம். ஆனா மிச்சமான காசு எங்க போகுதுன்னு பார்த்தா, கணக்கு தெளிவா இருக்கு. கிராமம், நகரம் ரெண்டுலயும் இன்னிக்கு உணவுச் செலவுல பெரிய பங்கு வெளிச் சாப்பாடு, குளிர்பானம், பாக்கெட் உணவு இதுக்குத்தான் போகுது.

எங்க வீட்டையே எடுத்துக்கிட்டா இது மூணு தலைமுறைக் கதை. எங்க அம்மிச்சி, அதாவது அம்மாவோட அம்மா, சின்ன வயசுல தினமும் சாப்பிட்டது கம்பங்கூழும் சோளச்சோறும். நெல்லுச்சோறு தீபாவளி, பொங்கல் மாதிரி நாளுக்கு மட்டும். எங்க அம்மா காலத்துல அரிசி தினப்படி ஆயிடுச்சு, கோழி விசேஷம் ஆச்சு. விருந்தாளி வந்தா நாட்டுக்கோழி அடிப்பாங்க, ஒரு கோழிக்குப் பத்துப் பேர். என் காலத்துல கோழி தினப்படி. எனக்கு விசேஷம் எது தெரியுமா? ஓஎம்ஆர்ல ஒரு கடையில அழகான பாக்கெட்ல விக்கிற கம்பு மாவு. அம்மிச்சிகிட்ட அதோட விலையச் சொன்னேன், சிரிச்சாங்க. "அதுலேர்ந்து தப்பிக்கத்தானேடா நாங்க அரிசிக்கு வந்தோம்"னாங்க.

இதை ஏன் சொல்றேன்னா, இந்த மாதிரி பேச்சு வந்தாலே "அந்தக் காலத்துல எல்லாம் ஆரோக்கியமா சாப்பிட்டாங்க"ன்னு ஒரு பாட்டு ஆரம்பிச்சுடும். அம்மிச்சிக்கு அப்படி ஒரு ஏக்கமே இல்ல. வறுமையில சாப்பிட்டதை யாரும் விரும்பிச் சாப்பிடல. தட்டு மாறினது நல்ல விஷயம்னுதான் நானும் நினைக்கிறேன். 1950-51ல இந்தியாவுல தலைக்கு வருஷத்துக்கு 5 முட்டைதான் உற்பத்தி. இப்ப 100க்கு மேல. இது சாதாரண விஷயம் இல்ல.

சரி, ஏன் கோழி? ஏன் ஆடு இல்ல, மீன் இல்ல?

நகரத்துக்கு வந்தா என்ன ஆகுதுன்னு யோசிங்க. தமிழ்நாட்டுல 2011 சென்சஸ்லயே 48 சதவீதம் பேர் நகரத்துல. பேச்சிலர் ரூம்ல ஒரே ஒரு இண்டக்ஷன் அடுப்பு. கல்யாணம் ஆனவங்கன்னா ரெண்டு பேரும் வேலைக்குப் போறாங்க. அம்மியும் இல்ல, ஆயவும் நேரம் இல்ல. சீக்கிரம் வேகணும், எல்லா நாளும் கிடைக்கணும், விலை கையைக் கடிக்கக் கூடாது. பெரிய மத விலக்கும் இருக்கக் கூடாது, ஆபீஸ் டீமோட போனா எல்லாரும் ஆர்டர் பண்ணணும். ஆட்டுக்குட்டி கறிக்குத் தயாராகக் குறைஞ்சது ஆறேழு மாசம், பெரும்பாலும் அதுக்கு மேல. பிராய்லர் 40 நாள். 40 நாள்ல ரெண்டு கிலோ. ஒரு கிலோ எடை ஏற ஒன்னரை கிலோவுக்குக் கொஞ்சம் மேல தீவனம் போதும். இந்த வேகத்துக்கு வேற எந்தக் கறியும் ஈடு கொடுக்க முடியாது. அதனாலதான் இந்தியாவுல இன்னிக்கு உற்பத்தியாகிற மொத்தக் கறியில கிட்டத்தட்ட பாதி கோழிக்கறி.

இந்தக் கோழிக்குப் பின்னாடி நம்ம ஊர் ஆளுங்க பங்கு ரொம்பப் பெருசு. முட்டைன்னா நாமக்கல், கறிக்கோழின்னா பல்லடம், உடுமலை. பல்லடத்துல இருக்கிற பிராய்லர் ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கிற உயிர்க்கோழி விலையத்தான் தமிழ்நாடு முழுக்க வியாபாரிங்க பார்ப்பாங்க. உடுமலைப்பேட்டையில 1980கள்ல சின்னதா ஆரம்பிச்ச சுகுணா, 1990களோட தொடக்கத்துல ஒப்பந்த முறையைக் கொண்டு வந்தாங்க. அப்புறம் அந்த முறை நாடு முழுக்கப் பரவிச்சு.

அதுக்கு முன்னாடி எப்படி இருந்துச்சு? விவசாயி தானே காசு போட்டு குஞ்சு வாங்கணும், தீவனம் வாங்கணும், வளர்த்து விக்கணும். விலை இறங்கினா மொத்தமும் போச்சு. அப்படிக் கடனாளி ஆனவங்க நிறைய பேர். ஒப்பந்த முறையில குஞ்சு கம்பெனியோடது, தீவனம் கம்பெனியோடது, மருந்து கம்பெனியோடது, கோழியும் கம்பெனியோடது. விவசாயி கொடுக்கிறது ஷெட், தண்ணி, கரண்ட், தரையில விரிக்கிற தென்னை நார்க்கழிவு, அப்புறம் அவரோட உழைப்பு. கடைசியில கோழிய எடை போட்டு ஏத்திட்டுப் போகும்போது கிலோவுக்கு இவ்வளவுன்னு வளர்ப்புக் கூலி.

நம்ம பாஷையில சொன்னா மாமா ஒரு சர்வர் வாடகைக்கு விட்டிருக்கார். ஹார்ட்வேர் அவரோடது. அதுல ஓடுற சாஃப்ட்வேர், டேட்டா எல்லாம் கம்பெனியோடது. விலை இறங்கினா அந்த நஷ்டம் கம்பெனிக்கு. அந்த வகையில விவசாயிக்கு இது நிஜமாவே பாதுகாப்பு. மாமாவே சொல்வார்: "கெணத்துல தண்ணி இல்ல, மேட்டாங்காட்டுல மழைய நம்பி எத்தன வருஷம் ஓட்டுறது? ஷெட் போட்ட பிறகுதான் உங்க அத்தை ஒரு நகையாச்சும் அடகுலேர்ந்து மீட்டா."

அப்ப பிரச்சினை எங்க? அன்னிக்கு மாமாவோட உட்கார்ந்து கணக்குப் போட்டோம்.

அஞ்சாயிரம் கோழி, தலைக்கு ரெண்டு கிலோ. பத்தாயிரம் கிலோ. வளர்ப்புக் கூலி கிலோவுக்கு ஆறரை ரூபாய். ஒரு பேட்சுக்கு 65,000. கோழி நிறைய செத்துட்டா, தீவனம் அதிகமா செலவாயிட்டா இதுல வெட்டு விழும். எல்லாம் நல்லா போச்சுன்னே வைப்போம். ஆள் கூலி 15,000. கரண்ட், நார்க்கழிவு, குஞ்சுக்குச் சூடு போடுற கரி, சில்லறைச் செலவு எல்லாம் சேர்த்து இன்னொரு 15,000. மிச்சம் 35,000. கோழி 42 நாள், அடுத்த பேட்சுக்கு முன்னாடி கழுவிக் காய வைக்க ரெண்டு வாரம். ஆகமொத்தம் ரெண்டு மாசத்துக்கு ஒரு பேட்ச். ஷெட்டுக்கு வாங்கின லோன் மாசம் 9,000, ரெண்டு மாசத்துக்கு 18,000. கையில நிக்கிறது 17,000. கோழி எரு வித்தா கொஞ்சம் கூட வரும். ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து ஷெட்டைப் பார்க்கிற மாமா, அத்தையோட ரெண்டு மாச உழைப்புக்கு அதுதான் சம்பளம்.

இப்ப குஞ்சு வரல. 40 நாள் காலி, அதுல வழக்கமான ரெண்டு வாரத்தைக் கழிச்சா கூடவே 26 நாள். லோன் நிக்குமா? வேலைக்கு இருக்கிற ஆளை அனுப்பிட்டா திரும்ப வருவாரா? அந்த 17,000ல பாதிக்கு மேல அங்கயே கரைஞ்சுடுது.

எனக்கு அப்பதான் புரிஞ்சுது. ஒப்பந்தத்துல விலை இறங்குற ரிஸ்க் கம்பெனிகிட்ட போச்சு, சரி. ஆனா அந்த ரிஸ்க்கைக் கம்பெனி எப்படிச் சமாளிக்குது? விலை இறங்கும்போலத் தெரிஞ்சா குஞ்சு விடுறதைக் குறைச்சுடும். அந்த நிமிஷமே ரிஸ்க் வேற பேர்ல விவசாயிகிட்ட திரும்பி வந்துடுது. அதுக்குப் பேர் காலி ஷெட். புரட்டாசி வந்தா காலி ஷெட். பறவைக் காய்ச்சல் வதந்தி வந்தா காலி ஷெட். 2020 தொடக்கத்துல கோழி சாப்பிட்டா கொரோனா வரும்னு வாட்ஸ்ஆப்ல ஒரு வதந்தி ஓடி, நாடு முழுக்க கோழி விலை படுத்துச்சே, ஞாபகம் இருக்கா? அப்பவும் அதேதான்.

இன்னொரு ரிஸ்க் வயல்ல இருக்கு. கோழி உற்பத்திச் செலவுல 65, 70 சதவீதம் தீவனம். தீவனத்துல பாதிக்கு மேல மக்காச்சோளம். அம்மிச்சி சாப்பிட்ட சோளமும் கம்பும் விளைஞ்ச மானாவாரி நிலம் நிறைய இப்ப மக்காச்சோளம். பெரம்பலூர், அரியலூர் பக்கம் போனா கண்ணுக்கு எட்டின வரைக்கும் அதுதான். மனுஷங்க சாப்பிட்ட தானியம் போய், கோழி சாப்பிடுற தானியம் வந்திருக்கு. விவசாயிக்கு இதுல காசு வருது, அதனாலதான் மாறினாங்க. ஆனா 2018ல படைப்புழு இந்தியாவுக்குள்ள வந்துச்சு. அமெரிக்கக் கண்டத்துப் புழு. அந்த சீசன்லயே நம்ம ஊர் மக்காச்சோளத்தைக் குதறிடுச்சு. ஒரே பயிரை நம்பி இருந்தவங்களுக்கு அது பெரிய அடி.

அப்புறம் எத்தனால். பெட்ரோல்ல எத்தனால் கலக்கிறோம், தெரியும். கரும்பு பத்தாம, 2023-24ல எத்தனாலுக்கு முக்கியமான மூலப்பொருளே மக்காச்சோளம்னு ஆயிடுச்சு. மக்காச்சோளம் ஏற்றுமதி பண்ணிக்கிட்டிருந்த நாடு, 2024ல மியான்மர்லேர்ந்தும் உக்ரைன்லேர்ந்தும் இறக்குமதி பண்ணிச்சு. நான் பிரியாணி ஆர்டர் பண்றேன், டெலிவரி தம்பி பைக்ல கொண்டு வர்றார். அந்தக் கோழியும் அந்த பைக்கும் ஒரே வயலுக்குப் போட்டி போடுது.

மூணாவது ரிஸ்க் நம்ம எல்லாருக்கும் பொது. நெருக்கமா வளர்க்கிற இடத்துல நோய் பயம் எப்பவும் இருக்கும், அதனால ஆன்டிபயாட்டிக் பயன்பாடும் வந்துச்சு. கோலிஸ்டின்னு ஒரு மருந்து. வேற எதுக்கும் அடங்காத கிருமிக்கு டாக்டருங்க கடைசியா எடுக்கிற ஆயுதம் அது. அதைக் கோழி, கால்நடைகளுக்குக் கொடுக்கக் கூடாதுன்னு மத்திய அரசு 2019ல தடை போட்டுச்சு. ஆக மலிவான கோழியோட விலையில ஒரு பகுதி பில்லுல வராது, வேற எங்கயோ ஏறிக்கிட்டிருக்கும்.

"அப்ப கோழி சாப்பிடக் கூடாதா?"ன்னு கேக்காதீங்க. நான் அதைச் சொல்ல வரல. தேசியக் குடும்ப நல ஆய்வு 2019-21ல நடந்துச்சு. தமிழ்நாட்டுல 15லேர்ந்து 49 வயசுப் பெண்கள்ல 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதே ஆய்வுல 40 சதவீதம் பெண்களுக்கு அளவுக்கு மீறின எடை. ரெண்டும் ஒரே மாநிலத்துல, சில சமயம் ஒரே வீட்டுல. முட்டையும் கறியும் அதிகம் தேவைப்படுறவங்களுக்கு இன்னும் போதுமானது போய்ச் சேரல. எனக்கு மாசத்துல 11 தடவ வருது.

சம்பளம் ஏறினா மட்டும்தான் தட்டு மாறும்னும் இல்ல. சத்துணவுல 1989ல முட்டை சேர்த்தாங்க. 2010லேர்ந்து வாரம் அஞ்சு முட்டை. வாங்க வசதியில்லாத வீட்டுக் குழந்தையோட தட்டுக்கும் முட்டை வந்துச்சு, கோழிப் பண்ணைகளுக்கும் நிலையான ஒரு வாடிக்கையாளர் கிடைச்சாங்க. பள்ளிக்கூடம் நடக்கிற வரைக்கும் அந்த ஆர்டர் இருக்கும், புரட்டாசி ஆனாலும் நிக்காது. காலி ஷெட்டுக்கு எதிர்ப்பதம் இதுதான்.

இப்ப என் ஆபீஸ் கதை ஒண்ணு. மாசத்துல ஒரு வாரம் எனக்கு ஆன்-கால் டியூட்டி. சனி, ஞாயிறு லேப்டாப்பைப் பக்கத்துலயே வச்சிருக்கணும். ஒரு போனும் வராம போகலாம். ஆனா அலவன்ஸ் வந்துடும், ஏன்னா நான் தயாரா இருந்தேன். மாமாவோட ஷெட்டும் 40 நாள் தயாராத்தான் இருந்துச்சு. கூட்டி, வெள்ளையடிச்சு, தண்ணி லைன் கழுவி. அவருக்கு யாரும் ஒரு ரூபாய் தரல. ஒப்பந்தப் பேப்பராவது இருக்கான்னு கேட்டேன். "கையெழுத்து வாங்கிட்டுப் போனாங்க, காப்பி தரல"ன்னார். ஒப்பந்தப் பண்ணையத்துக்குன்னு தமிழ்நாடு 2019ல தனிச் சட்டமே கொண்டு வந்துச்சு. அதோட பேருலயே கால்நடையும் இருக்கு. மாமாவுக்கு அப்படி ஒண்ணு இருக்கிறதே தெரியாது.

என்ன கேக்கலாம்? தமிழ்ல எழுதின ஒப்பந்தம், அதுல ஒரு காப்பி கையில. வருஷத்துக்குக் குறைஞ்சது இத்தனை பேட்ச்னு உறுதி, அதுக்குக் கீழ போனா காத்திருப்புக்கு ஒரு தொகை. கூலி உயர்வு. இதையெல்லாம் கொடுத்தா கோழி விலை எங்கயோ போயிடும்னு சொல்வாங்க. அதையும் கணக்குப் போட்டேன். வளர்ப்புக் கூலியைக் கிலோவுக்கு மூணு ரூபாய் ஏத்தினா, உரிச்ச கறியில அது கிலோவுக்கு நாலு ரூபாய்ச் சொச்சம். ஒரு பிரியாணில 200 கிராம் கோழின்னு வச்சுக்கிட்டா ஒரு ரூபாய் கூட வராது. ஆப்ல பிளாட்ஃபார்ம் ஃபீன்னு அதைவிட அதிகமா கேள்வி கேக்காம கட்டுறோம். நான் தனியா ஒரு ரூபாய் கூடக் கொடுத்தா அது மாமாகிட்ட போய்ச் சேராது, அது எனக்கும் தெரியும். அதனாலதான் ஒப்பந்தத்துல இருக்கணும்னு சொல்றேன்.

மாமாவுக்கு ஐப்பசி பொறந்து ஒரு வாரம் கழிச்சு குஞ்சு வந்துச்சு. போட்டோ அனுப்பினார், மஞ்சளா அஞ்சாயிரம் குஞ்சு. கீழ ஒரு வாய்ஸ் நோட்: "மாப்ள, வந்துருச்சு. நல்லா சாப்பிடு."

இந்த வாரம் உங்களுக்கு ஒரு ஹோம்வொர்க். உங்க ஆர்டர் ஹிஸ்டரிய ஒரு தடவ திறந்து பாருங்க. அதுல இருக்கிற ஒரே ஒரு பொருளை எடுத்துக்கிட்டு, அது வராத மாசம் யாருக்குச் சம்பளம் நிக்கும்னு தேடிப் பாருங்க. கண்டுபிடிச்சதை எழுதி அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல படிக்கிறேன்.